சின்னக் கடையும் கண்ணின் கணக்கும்

பத்தடி முகப்புள்ள ஒரு கடையை நடந்து கடக்கிறவருக்கு இரண்டரை நொடிக்கு மேல் ஆவதில்லை. மனிதர் சாதாரணமாக நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வரை நடக்கிறார். பத்தடி என்பது 3 மீட்டர். கண் நொடிக்கு மூன்று அல்லது நான்கு முறை இடம்விட்டு இடம் தாவும். ஆக, கடைமேல் விழக்கூடிய பார்வைகள் எட்டோ ஒன்பதோதான். அதிலும் ஒரு பங்கு தரைக்கும் எதிரே வரும் வண்டிக்கும் போய்விடும். தமிழக ஊர்களின் நடைபாதைகளில் அது பெரும்பங்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் டூவீலரில் போகிறவருக்கு அதே கடை அரை நொடிகூடக் கண்ணில் நிற்பதில்லை. சரக்கைக் காட்சிப்படுத்துவது என்ற தொழில் இந்தக் குறுகிய நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். அது அழகுணர்ச்சியை மட்டும் நம்பிய வேலை அன்று. கண் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவியல் அதன் அடியில் இருக்கிறது. பெரிய கடைகள் இதற்கென்று ஆள் வைத்துக்கொள்கின்றன. சின்னக் கடைக்காரருக்கு அந்த அறிவியலில் கொஞ்சம் தெரிந்தாலே பெரும்பாலான செலவு மிச்சம்.

கண் எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவில் உள்ள ஃபோவியா என்ற சிறு குழிதான் எழுத்தையும் வேலைப்பாட்டையும் துல்லியமாகக் காணும். அது பிடிக்கும் பரப்பு சுமார் 2 டிகிரி. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நகம் எவ்வளவு மறைக்குமோ அவ்வளவு. நான்கு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது 14 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டம். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் விலக விலக மங்கல்தான். ஆனால் அடுத்த பார்வை எங்கே தாவ வேண்டும் என்பதை அந்த மங்கலான ஓரப்பார்வைதான் தீர்மானிக்கிறது. விவரம் எதுவும் அதற்குத் தெரியாது. வித்தியாசம் மட்டும் தெரியும். சுற்றிலும் உள்ளவற்றிலிருந்து நிறத்திலோ அளவிலோ சாய்விலோ அசைவிலோ ஒன்று மாறுபட்டிருந்தால், தேடாமலே அது கண்ணில் படும். உளவியலாளர் ஆன் ட்ரீஸ்மன் 1980இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தெளிவாகக் காட்டினார். பச்சை எழுத்துக்கள் நடுவே ஒரே ஒரு சிவப்பு எழுத்து இருந்தால், பச்சை ஐந்து இருந்தாலும் முப்பது இருந்தாலும் கண்டுபிடிக்க ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். நிறம், வடிவம் என்று இரண்டு குணங்களைச் சேர்த்துத் தேடச் சொன்னால் கண் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை கூடக் கூட நேரமும் கூடுகிறது.

எவர்சில்வர் பாத்திரக் கடை முகப்பில் இருநூறு டிபன் பாக்ஸ் அடுக்கினாலும் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே வெள்ளைப் பளபளப்பு. நடுவில் ஒரு செப்புக் குடத்தை வைத்தால் கண் அங்கே போய் நிற்கும். நின்ற கண்தான் பக்கத்தில் உள்ள டிபன் பாக்ஸையும் பார்க்கும். குடம் விற்க வேண்டும் என்பதே இல்லை. ஆனால் செப்புக் குடத்தோடு பித்தளை விளக்கு, சிவப்பு பிளாஸ்டிக் வாளி, மினுக்கும் சீரியல் பல்பு என்று நான்கைந்தைச் சேர்த்துவிட்டால் வித்தியாசம் என்பதே இல்லாமல் போகும். பண்டிகைக் காலத்தில் தெரு முழுக்க சீரியல் லைட் எரியும்போது, ஒரே நிறத்தில் அசையாமல் எரியும் ஒரு கடைதான் தனியாகத் தெரிகிறது. அசைவுக்கும் இதே விதிதான். ஓரப்பார்வை அசைவை உடனே பிடிக்கும் என்பதால், வாசலில் கயிற்றில் தொங்கிக் காற்றில் ஆடும் குடக்கொத்து செலவே இல்லாத விளம்பரம். கடையில் அசைகிற பொருள் அது ஒன்றாக இருக்கும் வரைக்கும்தான் அந்தப் பலன்.

தன் கடை முகப்பு எப்படித் தெரிகிறது என்பதை அறிய எளிய சோதனை உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து செல்போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் எது தனித்துத் தெரிகிறதோ அதுதான் போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிறது. பல கடைகளில் அது மின்சார மீட்டர் பெட்டியாகவோ பக்கத்துக் கடையின் போர்டாகவோ இருக்கும்.

சரக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. பிரிட்டனில் கண்ணாடிமீது இருந்த வரி 1845இல் நீக்கப்பட்டதும் பெரிய கண்ணாடிப் பலகைகள் மலிவாயின. அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாக வகுத்தவர்களில் முக்கியமானவர் எல். ஃபிராங்க் பாம். சிகாகோவில் 1897இல் கடை ஜன்னல் அலங்காரத்துக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். மறு ஆண்டு ஜன்னல் அலங்காரக்காரர்களுக்கு ஒரு சங்கமும் அமைத்தார். 1900இல் அந்தத் தொழில் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய இன்னொரு புத்தகம் 'தி வொண்டர்ஃபுல் விஸார்டு ஆஃப் ஆஸ்'. உலகம் அவரை அந்தக் குழந்தைக் கதைக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. லண்டனில் 1909 மார்ச் மாதம் திறக்கப்பட்ட செல்ஃப்ரிட்ஜஸ், கடை அடைத்த பிறகும் இரவில் ஜன்னல் விளக்குகளை எரியவிட்டது. வாங்க வராதவரும் பார்க்க வரட்டும் என்பது அதன் கணக்கு.

அந்தக் கண்ணாடியை அப்படியே தமிழக வெயிலில் கொண்டுவந்து வைத்தால் ஒரு சிக்கல். சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 விழுக்காடு, மொத்தம் 8 விழுக்காடு திருப்பி அனுப்பும். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. எதிர்ச்சாரியில் உள்ள வெள்ளைச் சுவர்மேல் 40,000 லக்ஸ் வெயில் அடிப்பதாக வைத்துக்கொண்டால், அதில் 8 விழுக்காடு 3,200 லக்ஸ். உள்ளே 500 லக்ஸ் வெளிச்சத்தில் நிற்கும் வெள்ளைச் சட்டையைவிட, கண்ணாடியில் தெரியும் எதிர்ச்சுவரின் பிம்பம் ஆறு மடங்கு பிரகாசம். மத்தியானத்தில் ஷோகேஸில் சட்டைக்குப் பதில் தெருதான் தெரியும். கண்ணாடிக்கு நேரே நிற்பவர் கதை இது. தெருவோடு நடந்து வருகிறவர் கண்ணாடியைச் சாய்வாகத்தான் பார்க்கிறார். சாய்வு 60 டிகிரியானால் பிரதிபலிப்பு 16 விழுக்காடு, 75 டிகிரியானால் 40 விழுக்காடு அளவுக்கு ஏறிவிடும்.

உள்ளே இன்னும் நான்கு லைட் போட்டு வெயிலை ஜெயிக்க முடியாது. முகப்பில் ஆழமான பந்தலோ சாய்ப்போ போட்டு வானத்தின் பிம்பத்தை மறைக்கலாம். பொருளைக் கண்ணாடியை ஒட்டி, வெளிர் நிறப் பின்னணியில் வைக்கலாம். இருண்ட பின்னணியில்தான் பிம்பம் அதிகம் துலங்கும். வருகிறவரை நோக்கிப் பொம்மையைச் சற்றுத் திருப்பி நிறுத்தலாம். எல்லாவற்றையும்விட நல்லது, கதவு திறந்திருக்கும் கடையில் முக்கியமான ஒரு பொருளைக் கண்ணாடிக்கு வெளியே, நிழலில் வைப்பது. இரவில் கணக்கு தலைகீழ். தெரு இருண்டு கடை ஒளிர்கிறது. பிம்பம் காணாமல் போகிறது. தமிழக ஊர்களில் கடைத்தெரு களைகட்டுவது பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகு என்பதால், ஷோகேஸ் விளக்குக்குச் செய்யும் செலவு அந்த நேரத்துக்குத்தான் பலன் தரும்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைகிறவரின் கண்ணுக்கு இன்னொரு தொல்லை. வெளியே பல பத்தாயிரம் லக்ஸ், உள்ளே சில நூறு. கண்மணி உடனே விரியும். ஆனால் விழித்திரை செல்கள் அந்த மாற்றத்துக்கு முழுதாகப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் வாசலை ஒட்டி உள்ளே வைத்திருக்கும் சின்னச் சின்னப் பொருட்களைப் பகல் நேர வாடிக்கையாளர் பார்க்காமலே தாண்டிப் போவார். அமெரிக்க ஆய்வாளர் பாகோ அண்டர்ஹில், கடைகளில் ஆட்கள் நடமாடுவதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பதிவு செய்து 1999இல் எழுதிய நூலில், வாசலுக்கு அடுத்த சில அடிகளை வேகம் தணியும் இடம் என்று தனியாகவே வகுத்தார். நூறடிக் கடைக்கு அது சரி. இருபதடி ஆழமுள்ள கடையில் அவ்வளவு இடத்தை விட்டுக்கொடுக்க முடியாது. பெரிய உருவமும் தெரிந்த வடிவமும் உள்ள பொருளை அங்கே வைத்து, விலைச்சீட்டு படிக்க வேண்டிய பொருளை நாலடி தள்ளி வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

விளக்கில் கவனிக்க வேண்டியது எத்தனை வாட்ஸ் என்பதைவிட எப்படிப்பட்ட ஒளி என்பது. மலிவான வெள்ளை எல்.இ.டி., நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசிச் செய்யப்படுவது. அதன் ஒளியில் அடர்சிவப்புப் பகுதி குறைவு. அரக்குச் சிவப்புப் பட்டு அந்த விளக்கில் பழுப்படித்துத் தெரிவதற்கு அதுவே காரணம். விளக்கின் நிறத் தரத்தைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 80 என்றால் போதும் என்று எலக்ட்ரிக்கல் கடையில் சொல்வார்கள். ஆனால் அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி; அடர்சிவப்பு அதில் சேர்த்தி இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி அளவு உண்டு. துணி, பழம், இனிப்பு, குங்குமம் விற்கும் கடைக்கு சி.ஆர்.ஐ. 90க்கு மேலும், ஆர்9 நன்றாகவும் உள்ள விளக்கு நான்கு இருந்தால், சாதாரண விளக்கு பத்துக்கு மேல்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை மேட்சிங் சென்டரில் பார்க்கலாம். சேலைக்கு ஜாக்கெட் பிட் தேடி வருகிறவர், கடைக்காரர் எடுத்துப் போட்ட துணியைச் சேலையோடு சேர்த்துப் பிடித்து, 'ஒரு நிமிஷம் இருங்க' என்று வாசலுக்குப் போய்விடுவார். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பச்சையும் வெயிலில் வேறாகும். இரண்டு துணியிலும் உள்ள சாயங்கள் வேறு வேறு. அவை ஒளியின் வேறு வேறு அலைநீளங்களைத் திருப்பி அனுப்புகின்றன. கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்றே வகை என்பதால், ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழ் இரண்டும் ஒரே விளைவைத் தந்துவிடலாம். விளக்கு மாறினால் குட்டு வெளிப்படும். வாடிக்கையாளர் வாசலுக்குப் போவதைத் தடுக்கக் கூடாது. அவர் செய்வது சரி. கல்லாப் பக்கத்தில் ஒரு மேசைமேல் பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான, சி.ஆர்.ஐ. 95 அளவுள்ள ஒரே ஒரு விளக்கைப் பொருத்தி, 'இங்கே வைத்துப் பாருங்கள்' என்று சொல்லும் கடைக்கு நம்பிக்கை தானாக வரும்.

பட்டு ஜரிகைக்கும் நகைக்கும் இன்னொரு தேவை உண்டு. பளபளப்பு என்பது சிறிய ஒளிமூலம் ஒன்று உலோகப் பரப்பில் பிரதிபலித்துக் கண்ணை அடைவது. கூரை முழுக்க ஒரே சீராக ஒளி பரப்பும் பேனல் லைட்டில் நிழலும் இல்லை, மினுக்கும் இல்லை. ஜரிகை மஞ்சள் நூலாகத் தெரியும். குறுகிய கதிர் வீசும் ஸ்பாட் லைட் ஒன்றைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்து அடித்தால் அதே ஜரிகை உயிர் பெறும். சுற்றுப்புறத்தைவிட மூன்று மடங்கு வெளிச்சம் இருந்தால் வேறுபாடு தெரியும். ஐந்து மடங்கு என்றால் கண் அங்கேதான் போகும். அதற்குப் புதிய விளக்கே தேவைப்படாமலும் போகலாம். ஸ்பாட் லைட்டின் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் வெளிச்சம் நான்கு மடங்காகும். சுற்றியுள்ள இரண்டு டியூப் லைட்டை அணைத்தாலும் அதே பலன்தான், மின்கட்டணமும் குறையும். விளக்கு மட்டும் வாடிக்கையாளர் கண்ணுக்கு நேரே தெரியக் கூடாது. தெரிந்தால் கண்மணி சுருங்கி, பொருள் மங்கும். இனிப்புக் கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் எல்.இ.டி. பட்டையை முன்பக்கச் சட்டத்துக்குள் ஒளித்து உள்நோக்கி அடிப்பது அதனால்தான்.

மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். அப்படிப்பட்ட சேலையை மடித்து அலமாரியில் அடுக்கினால் பாதி அழகு மடிப்புக்குள்ளேயே இருந்துவிடும். கொசுவம் வைத்துத் தொங்கவிட்டு, பக்கத்திலிருந்து விளக்கடித்தால்தான் இரண்டு நிறமும் மாறி மாறித் தெரியும்.

விளக்கே இல்லாத நடைபாதைக் கடையிலும் ஒளியின் விளையாட்டு உண்டு. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்த ஆரஞ்சும் தக்காளியும் வாடிப்போனவை போலத் தோன்றும். தார்ப்பாய் வழியாக வடிந்து வரும் ஒளியில் நீலம்தான் மிகுதி. சிவந்த பழத்துக்குத் திருப்பி அனுப்பச் சிவப்பு போதாது. சிவப்பு, ஆரஞ்சுக் குடையின் கீழ் அதே பழம் பழுத்துத் தெரியும். வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர் ஏமாந்ததாக நினைப்பார் என்பதால் அது அவ்வளவு நேர்மையான உத்தி அல்ல. வெள்ளைத் துணிப் பந்தல் இரண்டுக்கும் பொது: நிறத்தையும் மாற்றாது, வெயிலையும் தணிக்கும்.

நிறத்தைப் பற்றி வியாபாரிகளுக்குப் பயன்படும் அறிவியலைத் தந்தவர் ஒரு வேதியியலாளர். பாரிஸில் உள்ள கோபலென் அரச நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற மிஷெல் யூஜீன் செவ்ரெல், ஒரு புகாரை விசாரிக்க வேண்டியிருந்தது. நீலம், ஊதாத் துணிகளில் நிழலுக்காகப் போட்ட கறுப்பு நூல் அடர்த்தியாக இல்லை என்பது புகார். சாயத்தில் குறை எதுவும் இல்லை. நீலத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் கறுப்பு வெளிறித் தோன்றியது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளிக் காட்டும் என்ற விதியை வகுத்து, 1839இல் பெரிய நூலாக வெளியிட்டார். அதில் துணிக்கடைக்காரருக்கு நேரடியான ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஒரே சிவப்பில் பதினான்கு துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், கடைசி ஆறு ஏழு துணிகள் வாங்குபவர் கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும். துணியில் வித்தியாசம் எதுவும் இல்லாவிட்டாலும் அப்படித்தான் தோன்றும். சிவப்பை உணரும் செல்கள் பார்த்துப் பார்த்துச் சலித்துவிடுகின்றன.

பாயில் உட்கார்ந்து சேலை விரித்துப் போடும் ஜவுளிக் கடையில் இது அன்றாடம் நடப்பது. 'அரக்கு காட்டுங்க' என்று கேட்டவருக்கு அரக்காகவே பத்து எடுத்துப் போட்டால், பத்தாவது சேலை எவ்வளவு நல்லதானாலும் எடுபடாது. நான்கைந்துக்குப் பிறகு ஒரு கிளிப்பச்சையையோ இலைப்பச்சையையோ விரித்துவிட்டு மறுபடி அரக்குக்கு வந்தால் சிவப்பு புதிதாகத் தெரியும். அனுபவமுள்ள விற்பனையாளர் காரணம் தெரியாமலே இதைச் செய்வார். மெத்தைமேல் விரித்திருக்கும் வெள்ளை விரிப்பும் பழக்கத்தால் வந்ததுதான், ஆனால் அறிவியல்படி மிகச் சரி. வெள்ளைக்கும் சாம்பலுக்கும் எந்த நிறத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளும் குணம் குறைவு. சுவருக்கு அடர்பச்சையும் ரோஸும் அடித்த துணிக்கடைகள் அவற்றை மாற்றிவிடுவது நல்லது. நகைக்கடையில் தங்கத்தை ரோஸ் நிறத் தாளில் வைத்துத் தருவதற்கு வேறு காரணம். தங்கம் கண்ணாடிபோல் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்கும் உலோகம்; தாளின் ரோஸ் அதில் ஏறி, தங்கம் கொஞ்சம் சிவந்து தெரியும்.

மெல்லிய கோடுகளாக நிறம் வந்தால் விதி திரும்பிவிடுகிறது. பக்கத்து நிறத்தை எதிர்ப்பக்கம் தள்ளாமல் தன் பக்கம் இழுக்கும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிவியலாளர் வில்ஹெல்ம் ஃபான் பெட்ஸோல்டின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. ஆரஞ்சுப் பழத்தைச் சிவப்பு வலைப்பையில் போட்டு விற்பதன் ரகசியம் இதுவே. வலை இழைகளின் சிவப்பு பழத்தின்மேல் படர்ந்ததாக மூளை கணக்கிடுகிறது. வலையை உரித்ததும் பழம் சற்று வெளிறும்.

பொருளை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் மேல்நாட்டுக் கையேடுகளை அப்படியே நம்பக் கூடாது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர்; கண் இருப்பது தரையிலிருந்து ஏறத்தாழ 140இல். கழுத்தை நிமிர்த்தாமல் இயல்பாக நிற்கும்போது பார்வை கிடைக்கோட்டுக்குச் சுமார் 15 டிகிரி கீழே விழும். ஒரு மீட்டர் தள்ளி உள்ள அலமாரியில் அது சுமார் 113 சென்டிமீட்டர் உயரம். பெண்கள் அதிகம் வரும் கடையில், அதிக லாபம் தரும் சரக்குக்கு இடுப்பிலிருந்து கண் வரை, அதாவது 90 முதல் 140 வரை உள்ள தட்டுகளே நல்ல இடம். ஆறடி ஆளுக்குப் போட்ட அலமாரியில் மேல்தட்டு தூசி சேர்க்கத்தான் உதவும். குழந்தைகளுக்கான பொருளை அவர்கள் உயரத்தில் வைப்பது விற்பனையைக் கூட்டும். பெற்றோரின் எரிச்சலையும் கூட்டும். அங்கே மிட்டாய்க்குப் பதில் பென்சில், ஸ்டிக்கர் வைக்கும் கடைக்காரரை அடுத்த முறையும் தேடி வருவார்கள்.

அலமாரியில் ஒரே வகைப் பொருளைக் குறுக்கே நீளமாக அடுக்குவதைவிட மேலிருந்து கீழாகப் பட்டையாக அடுக்குவது மேல். நடந்துகொண்டே பார்க்கிறவரின் கண் பக்கவாட்டில்தான் ஓடும். பட்டை பட்டையாக இருந்தால் ஒவ்வொரு வகையும் அதன் வழியில் குறுக்கிடும். அருகருகே இருப்பவற்றையும் ஒத்த தோற்றம் உள்ளவற்றையும் ஒரு கூட்டமாகவே மூளை எடுத்துக்கொள்ளும் என்று மாக்ஸ் வெர்தைமர் 1923இல் விளக்கினார். ஆகவே இரண்டு வகைக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விடுவது, போர்டு எழுதி ஒட்டுவதைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். கொலுப்படி போல ஏறுவரிசையில் வைத்தால் பின்வரிசை முன்வரிசைக்குப் பின்னால் மறைவதில்லை. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் வைக்கச் சொல்வது தொழில்காரர்களின் வழக்கம், கெடுதல் இல்லை. சோப்பையோ பழத்தையோ கோபுரமாக அடுக்கிவிட்டு உச்சியிலிருந்து ஒன்றை எடுத்துவிடுவதும் அவர்கள் பழக்கம். கச்சிதமான அடுக்கைக் கலைக்கப் பலர் கூச்சப்படுவார்கள்.

எவ்வளவு சரக்கை வெளியே காட்டுவது என்பதில்தான் கருத்து வேற்றுமை அதிகம். 2000இல் வெளியான ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆய்வு எல்லாராலும் மேற்கோள் காட்டப்படுவது. கலிபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது கடந்து போனவர்களில் 60 விழுக்காட்டினர் நின்றனர். நின்றவர்களில் 3 விழுக்காட்டினரே வாங்கினர். 6 வகை மட்டும் வைத்தபோது நின்றவர் 40 விழுக்காடு, வாங்கியவர் 30 விழுக்காடு. ஆனால் இப்படிப்பட்ட 50 பரிசோதனைகளைச் சேர்த்து 2010இல் செய்த தொகுப்பாய்வில் சராசரி விளைவு ஏறத்தாழ பூஜ்யம்தான். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிறவருக்கு வகை அதிகம் இருப்பது வசதி. தெரியாமல் வருகிறவருக்கு அது திகைப்பு. பொருட்களுக்கிடையே வெற்றிடம் கூடினால் விலை உயர்ந்த பொருள் என்ற எண்ணம் வரும் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அன்பளிப்புப் பொருள் கடைக்கு அது லாபம். மலிவு விலையை நம்பி வரும் கடைக்கு அதுவே நட்டம். பிக் பஜார் கடைகளைத் தொடங்கிய கிஷோர் பியானி, இந்தியக் கூட்டம் நெரிசலான சந்தையைத்தான் நம்பும் என்று கணித்து வேண்டுமென்றே இடைவழிகளைக் குறுக்கினார். சின்னக் கடைக்கு இரண்டையும் கலப்பதே பொருந்தும். உள்சுவர்களில் நிறைந்த அலமாரி, முகப்பில் ஒரே ஒரு பொருள். நிறைவு 'எல்லாம் கிடைக்கும்' என்று சொல்லும்; அந்த ஒற்றைப் பொருள் 'உள்ளே வா' என்று கூப்பிடும்.

கல்லாவுக்கு அப்பால் வாடிக்கையாளர் வர முடியாத மளிகைக் கடையில் முகப்பே முழுக் காட்சி. ஷாம்பு, காபித் தூள், ஊறுகாய் பாக்கெட் சரங்கள் கூரையிலிருந்து தொங்குவது ஷாம்பு சாஷே வியாபாரம் பெருகியதோடு சேர்ந்து பரவிய காட்சி முறை. தரை இடமே எடுக்காது; கண் உயரத்தில் தொங்கும். ஆனால் நாற்பது சரம் நெருங்கித் தொங்கும்போது உள்ளே நிற்கும் கடைக்காரர் முகமே தெரியாது. மனிதக் கண் மற்ற எதையும்விட முகத்தை முதலில் தேடும். சரங்களை இரண்டு ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவில் முகம் தெரிய இடம் விட்ட கடையில் தயங்காமல் விலை கேட்பார்கள். விலையை எழுதி வைத்தால் கேட்கவே வேண்டாம். எழுத்தின் அளவுக்குக் கணக்கு உண்டு: 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் உயரம். 12 மீட்டர் அகலத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க 10 சென்டிமீட்டர் வேண்டும். தமிழ் எழுத்துச் சுழிகள் அடைபடாமல் தெரிய இன்னும் கொஞ்சம் கூட்டுவதே நல்லது.

உள்ளே போய்ப் பார்க்கும் கடையில் காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வழி குறுகலாக இருந்தால் பயனில்லை. நியூயார்க்கின் புளூமிங்டேல்ஸ் கடையில் வாசலுக்கு அருகே இருந்த டை ஸ்டாண்டைப் படம் பிடித்த அண்டர்ஹில், நின்று பார்ப்பவர்கள் பின்னாலிருந்து யாராவது உரசியதும் நகர்ந்துவிடுவதைக் கவனித்தார். ஸ்டாண்டை வழியிலிருந்து தள்ளி வைத்ததும் விற்பனை ஏறியது. பெண்களிடம் இந்தக் கூச்சம் அதிகம் என்பது அவர் முடிவு. குனிந்து பார்க்க வேண்டிய சரக்கைக் குறுகிய வழியின் கீழ்த்தட்டில் வைத்தால் அது அங்கேயே கிடக்கும்.

வெளியே காட்டிய சரக்கு கெடவும் செய்யும். ஜன்னல் கண்ணாடி புற ஊதாவின் ஒரு பகுதியைத்தான் தடுக்கிறது. ஏ வகைக் கதிர் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். பட்டு அதற்கு எளிதில் நலியும். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் சீக்கிரம் வெளுக்கும். மேற்கு பார்த்த கடையில் மாலை வெயில் நேராக விழும் ஷோகேஸில் விலை உயர்ந்த சேலையை வைக்கலாகாது. காட்சியை மாற்றிக்கொண்டே இருக்க வேறொரு காரணமும் உண்டு. தினமும் அதே வழியில் போகிறவரின் மூளை, மாறாத காட்சியைக் கவனிப்பதை நிறுத்திவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முகப்புப் பொருளை மாற்றினால் போதும்.

மாற்றியது பலித்ததா என்பதை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாலை ஆறு முதல் ஏழு வரை கடந்து போனவர், நின்றவர், உள்ளே வந்தவர் என்று மூன்று கோடு போட்டு ஒரு நோட்டில் குறித்தால் போதுமானது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்ய வேண்டும். விளக்கையும் பொம்மையையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சனிக்கிழமையைச் சனிக்கிழமையோடும், மாத முதல் வாரத்தை அடுத்த மாத முதல் வாரத்தோடும் ஒப்பிடலாம். ஆடித் தள்ளுபடி வாரத்தையும் ஆவணி முகூர்த்த வாரத்தையும் ஒப்பிட்டு விளக்குக்குப் பாராட்டு தருவதில் அர்த்தம் இல்லை.